கேக்காத காதுப் பக்கம்

— அங்கிள், நீங்க பொத்தானை அமுத்தவே இல்ல.

— கேட்டாத்தானே அமுத்த முடியும், டாக்டரம்மா. கேக்கல. நான் என்னா செய்ய?

— கேக்காமலா ஒவ்வொரு சத்தத்துக்கும் உங்க புருவம் மேல போச்சு? கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்.

— அது பழக்கம் லா. ஸ்கூல் வேன் ஓட்டுறவன் புருவம் அப்படித்தான் இருக்கும். பின்னால பிள்ளைங்க சீட்டு மேல ஏறி நின்னா நான் கத்த மாட்டேன், கண்ணாடியில புருவத்தைத் தூக்கிக் காட்டுவேன். அதுலயே அடங்கிடுவாங்க.

— ரெங்கசாமி அங்கிள், ஹெட்போன் டெஸ்ட்ல நீங்க என்னை ஏமாத்தலாம். இதுக்கு முன்னாடி காதுக்குள்ள ஒரு முனையை வச்சு காத்து ஊதினேனே, அந்த மெஷினை ஏமாத்த முடியாது. முதல் தடவை வந்தப்ப உங்க இடது காது சவ்வு செத்துப் போன மாதிரி கிடந்துச்சு. இன்னைக்கு ஜோரா அசையுது.

— அசைஞ்சா அசையட்டும். நீங்க கேக்கலைன்னு எழுதிடுங்க.

— ஏன் அங்கிள்?

— அது பெரிய கதை. வேனை வேற மஞ்சக் கோட்டுல போட்டுட்டு வந்திருக்கேன். பிரிக்ஃபீல்ட்ஸ்ல பார்க்கிங் கிடைக்கிறதுக்குள்ள மனுசனுக்கு நரைச்சிடுது. அபராதம்னு சமான் சீட்டை வச்சிட்டுப் போயிடுவான்.

— நான் பொய் எழுதினா என் ஆராய்ச்சியே போச்சு. எத்தனை பேரைத் தேடிப் பிடிச்சு, கெஞ்சி, வாரா வாரம் வர வச்சிருக்கேன் தெரியுமா? முதல்ல நல்ல சேதியைக் கேளுங்க. இந்த ஸ்கிரீன்ல இருக்கிறது உங்க காது. இந்த வெள்ளைத் திட்டு தெரியுதா?

— சுண்ணாம்பு தெறிச்ச மாதிரி இருக்கு.

— சுண்ணாம்புதான். சின்ன வயசுல இருந்து காதுல சீழ் வந்து வந்து, வடு விழுந்து, அதுல சுண்ணாம்பு படிஞ்சு சவ்வு கெட்டியாயிருச்சு. அந்தப் பழைய திட்டு போகாது. ஆனா புதுசா எதுவும் படியல. சுத்தி இருந்த வீக்கம் வத்திருச்சு, உள்ள தேங்கியிருந்த நீரும் இல்ல. அதனாலதான் உங்களுக்குக் கேக்குது.

— அந்த மாத்திரையாலயா?

— அதுதான் எனக்கே தெரியாது. சில புட்டியில மருந்து, சில புட்டியில வெறும் மாவு. யாருக்கு எதுன்னு கடைசி வரைக்கும் என் கிட்டயும் சொல்ல மாட்டாங்க. தானா ஆறியிருந்தாலும் ஆறியிருக்கும்.

— அந்த மருந்து என்னமோ துருவுக்குன்னு சொன்னீங்களே அன்னைக்கு.

— துரு மாதிரின்னு சொன்னேன். காது உள்ள வீங்கினா, உடம்பே ஒரு மாதிரி கெட்ட ஆக்சிஜனை உண்டாக்கும். அது சவ்வை அரிச்சு வடுவாக்கிடும். அதை அடக்குறதுதான் ஆன்டிஆக்சிடன்ட். எலிக்குக் கொடுத்துப் பார்த்ததுல வடு குறைஞ்சிருக்கு. மனுசனுக்கும் ஆகுமான்னு உறுதியா சொல்ல முடியல, அதுக்குத்தான் நீங்கல்லாம்.

— எலிக்குக் கேக்குதான்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? அது பொத்தானை அமுத்துச்சா?

— எலி உங்களை மாதிரி பொய் சொல்லாது, அங்கிள்.

— அட போங்க டாக்டரம்மா. சரி, சொல்றேன். வெளியில பெஞ்சுல ஒருத்தர் நிமிர்ந்து உக்காந்திருக்காரு பாருங்க. வெள்ளைச் சட்டை, பையில பேனா.

— வீரசிங்கம் அங்கிள். உங்க சம்பந்தி. அடுத்து அவரைத்தான் பார்க்கணும்.

— ஆமா. என் பொண்ணு பிரியாவை அவரு பையன் கிரிதரனுக்குத்தான் கொடுத்திருக்கேன். ரெண்டு அப்பனுக்கும் ஒரே மாதிரி காதுக் கோளாறுன்னு அவதான் பார்த்துப் பார்த்து இங்க சேர்த்து விட்டா. நான் கிள்ளான்ல இருந்து வேனை எடுத்துட்டு வருவேன், அவரு சுபாங் ஜெயாவுல ஏறிக்குவாரு. கண்ணு ஆபரேஷனுக்கு அப்புறம் அவரு கார் தொடுறதில்ல.

— நல்லதுதானே. பேச்சுத்துணைக்கு ஆள் ஆச்சு.

— பேச்சா? அவரு சிலோன்காரரு, ரயில்வேயில பெரிய உத்தியோகம் பார்த்தவரு. பொண்ணு பார்க்க வந்தப்ப, 'டிரான்ஸ்போர்ட் தொழில் எண்டு சொன்னவை, எத்தினை வேன் ஓடுது?'ன்னு கேட்டாரு. 'ஒன்னு'ன்னேன். அந்த 'ஒன்னு'க்கு அவரு முகம் போன போக்கைப் பார்க்கணுமே. அன்னைல இருந்து 'வாங்கோ சம்பந்தி', 'வாறன் சம்பந்தி', அதோட சரி. பிள்ளைங்களுக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தோம்.

— அப்ப வேன்ல வரும்போது?

— அங்கதான் விஷயமே. ஓட்டுறவன் நான் வலது பக்கம். அவரு என் இடது பக்கம். எனக்குக் கேக்காதது இடது காது. அவருக்குக் கேக்காதது வலது. யோசிச்சுப் பாருங்க.

— ஐயோ. ரெண்டு செவிட்டுக் காதும் நேருக்கு நேரா?

— அதேதான். ஏர்கோன் வேற போச்சு. ஜன்னலைத் திறந்து வச்சா நல்ல காதுக்கு ஃபெடரல் ஹைவே லோரி சத்தம் மட்டும்தான். அவரு வாயசைப்பாரு, நான் தலையாட்டுவேன். நான் ஏதாவது சொல்வேன், அவரு 'ஓம், ஓம்'பாரு. அப்படி ஒரு சமாதானம் எந்த சம்பந்திக்கும் வாய்ச்சிருக்காது.

— இப்ப உங்களுக்குக் கேக்க ஆரம்பிச்சிருச்சு.

— அதுதான் வினை. போன மாசம் ஒரு சனிக்கிழமை, ஜாம்ல நிக்கிறோம். திடீர்னு இடது பக்கம் குரல். ரேடியோவோன்னு பார்த்தா, ரேடியோ ஆஃப்ல கிடக்கு. அவருதான். ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொல்றாரு, 'நிச்சயதார்த்தத்து அண்டு உங்கட ஆக்களுக்கு பிளாஸ்டிக் கப்பில தேத்தண்ணி குடுத்தது பிழை, சம்பந்தி. நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். தடுக்கேல்லை.'

— மன்னிப்புக் கேட்டாரா?

— மன்னிப்புத்தான். அவங்க ஆளுங்களுக்குப் பூப்போட்ட பீங்கான், எங்களுக்கு பிளாஸ்டிக். என் தங்கச்சி அந்தக் கப்பை வீடு வரைக்கும் கையில எடுத்துட்டு வந்து அழுதா. அவரு அதை கவனிச்சிருக்கவே மாட்டாருன்னு இத்தனை நாள் நினைச்சேன். முகத்தைப் பார்த்துச் சொல்ற ஆளில்ல அவரு. எனக்குக் கேக்காதுங்கிற தைரியத்துல என் காதுல வந்து இறக்கி வைக்கிறாரு.

— நீங்க என்ன செஞ்சீங்க?

— புருவத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். அடுத்த வாரம் கல்யாணப் பத்திரிகை விஷயத்துக்கு வந்தாரு. அவரு பேருக்குக் கீழ ரயில்வே பட்டம், என் பேருக்குக் கீழ வெறும் கிள்ளான்னு அச்சடிச்சிருந்தாங்க. அதுவும் தப்புன்னாரு. நான் நேரா பார்த்தபடியே, 'ம், அப்படி வா வழிக்கு'ன்னேன்.

— வாய் விட்டா?

— வாய் விட்டுத்தான். அவருக்குத்தான் அந்தக் காது கேக்காதே. அது ஒரு தனி சுகம் டாக்டரம்மா. அவரு ஒன்னு சொல்வாரு, நான் ஒன்னு திருப்பிக் கொடுப்பேன். 'இதை அன்னைக்கே சொல்லியிருந்தா என் தங்கச்சி உங்க வாசப்படியை மிதிச்சிருப்பா'ன்னு சொன்னேன். அவரு பாட்டுக்கு ரோட்டைப் பார்த்துக்கிட்டு வந்தாரு.

— அப்ப நேர்லயே பேசி முடிச்சிடுங்களேன். காது நல்லாயிருச்சுன்னு சொல்லிட்டா என்ன கெட்டுப் போகுது?

— எனக்குக் கேக்குதுன்னு தெரிஞ்சா அந்த மனுசன் இனி வாயைத் திறப்பாரா? பூட்டிக்குவாரு. இன்னும் முக்கியமானது பாக்கி இருக்கு. நிச்சயதார்த்தம் முடிஞ்சிருச்சு, பத்திரிகை முடிஞ்சிருச்சு. கல்யாணப் பந்தி இன்னும் வரல.

— பந்தியில என்ன ஆச்சு?

— மத்ததுக்கெல்லாம் அவரு மன்னிப்புக் கேக்காட்டியும் பரவால்ல, டாக்டரம்மா. இது மட்டும் உள்ளயே நிக்குது. சம்பந்தி ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலையில உக்காரணும், அதுதானே முறை. நான் போயி கையைப் பிடிச்சுக் கூப்பிட்டேன். 'நீங்கள் இருங்கோ, நான் வாறன்'னாரு. ரெண்டு இலை போட்டாச்சு, சோறு வச்சாச்சு. அவரு ஏர்கோன் ரூமுக்குள்ள பெரிய ஆளுங்களோட உக்காந்து சாப்பிட்டு முடிச்சிட்டாரு. பரிமாறுற பையனுங்க என் பக்கம் பார்க்காம போறாங்க. ரசம் ஆறிப் போச்சு. நான் என் இலையை மடிச்சிட்டு எந்திரிச்சேன்.

— சாப்பிடாமலயா?

— பொண்ணைக் கட்டிக் கொடுத்த அன்னைக்கு. அப்புறம் எங்க போனேன், என்னா செஞ்சேன்னு என் சம்சாரம் சீதாலெட்சுமிக்குக்கூடத் தெரியாது. சொன்னா அழுவா, அப்புறம் பிரியா காதுக்குப் போயிடும். இன்னை வரைக்கும் சம்பந்தி வீட்டுல தண்ணி குடிப்பேன், சோத்துல கை வைக்க மாட்டேன். வயித்துல கோளாறுன்னு சொல்லிடுவேன்.

— யாருகிட்டயுமே சொன்னதில்லையா?

— போன வாரம் ஜாம்ல மனசு பொங்கிருச்சு. அவருகிட்டயே முழுசா சொல்லிட்டேன், அந்தக் கேக்காத காதுலதான். என் வாழ்க்கையிலயே அதை வெளியில சொன்னது அந்த ஒரு தடவைதான். அவரு வழக்கம் போல 'ஓம், ஓம்'னாரு. நான் பாரத்தை இறக்கின லோரி மாதிரி வீட்டுக்குப் போனேன்.

— அங்கிள்...

— நீங்க எதுக்குக் கண்ணைத் தொடைக்கிறீங்க? சிரிப்புக் கதை லா இது. ஒரு உதவி செய்யுங்க. இந்த ஆராய்ச்சியை இன்னும் கொஞ்சம் நீட்டுங்க. பந்தி எப்படியும் வந்துடும். மருந்து தீர்ந்து போச்சுன்னா மாவே கொடுங்க, சாப்பிடுறேன்.

— இன்னைக்குத்தான் உங்களுக்குக் கடைசி விசிட். நீட்டுறது என் கையில இல்ல. கேக்கலைன்னு எழுதவும் முடியாது. ஆனா உங்க காதைப் பத்தி வேற யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன். அது மட்டும் சத்தியம். போய் வேனைப் பாருங்க, போறப்ப உங்க சம்பந்தியை உள்ள அனுப்புங்க.

— சைகையிலதான் அனுப்பணும். நான் செவிடு, மறந்துடாதீங்க.

— வணக்கம், டொக்டர் பிள்ளை. என்னை உள்ள போகச் சொல்லிச் சம்பந்தி கையை ஆட்டிப்போட்டு ஓடுறார். சமான் வைச்சிட்டாங்களோ?

— இருக்காது. வாங்க வீரசிங்கம் அங்கிள், உக்காருங்க. மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிட்டீங்களா?

— ஒரு நாளும் தவற விடேல்லை. ஆனால் ஒரு முறைப்பாடு. அந்த மாத்திரையின்ர மணம் இருக்குதே...

— மணத்தைப் பத்தி சொல்லாதீங்க, அங்கிள்.

— நாங்கள் சுத்த சைவம். அது அழுகின முட்டை...

— நான் கேக்கல, கேக்கல. காதைப் பொத்திக்கிட்டேன். மணத்தைச் சொன்னா அது மருந்தா மாவான்னு எனக்குத் தெரிஞ்சிடும். எனக்குத் தெரியக்கூடாது.

— காது டொக்டர் காதைப் பொத்துறதை இண்டைக்குத்தான் பாக்கிறன். நான் மூக்கைப் பொத்தினனான், நீங்கள் காதைப் பொத்துங்கோ. விழுங்கிப்போட்டு ஒவ்வொரு முறையும் திருநீறு பூசினனான். என்ர மனிசி குணபூசணிக்குத் தெரிஞ்சால் என்னைக் குசினி அடுப்படிப் பக்கம் விடமாட்டாள்.

— முட்டையும் இல்ல, இறைச்சியும் இல்ல. மாத்திரையோட மேல் கூடுகூடச் செடியில செஞ்சதுதான். நிம்மதியா இருங்க. இப்ப வலது காதைக் காட்டுங்க... அட.

— என்ன அட?

— வீக்கமே இல்ல. நீரும் இல்ல. காத்து மெஷினை வைக்கிறேன், அசையாதீங்க. பிரமாதமா இருக்கு, அங்கிள். இப்ப ஹெட்போன். சத்தம் கேட்டா பொத்தானை அமுத்துங்க.

— சரி.

— ...அங்கிள், அமுத்தலையே.

— கேக்கேல்லை.

— இதுக்கு?

— இல்லை.

— சத்தத்தை நல்லா ஏத்தியிருக்கேன். வெளியில பெஞ்சுல இருக்கிறவங்களுக்கே கேட்டிருக்கும்.

— அவைக்கு நல்ல காது.

— ஒவ்வொரு சத்தத்துக்கும் உங்க கட்டைவிரல் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருது.

— வயசு, பிள்ளை. நடுக்கம்.

— மத்த விரலெல்லாம் நடுங்கலையே. இன்னைக்கு எனக்கு என்ன நேரமோ தெரியல, ஒருத்தர் விடாம... சரி, விடுங்க. வேன்ல வரும்போது சம்பந்தி கூட என்ன பேசிக்குவீங்க?

— ரயில்வே. பழைய இஞ்சின், சிக்னல், அந்தக் காலத்து ஸ்டேஷன் மாஸ்டர்மார்.

— அவ்வளவு தூரமும் ரயில்வேதானா?

— ரயில்வே பெரிசு.

— பின் சீட்டுல, அவரோட வலது தோளுக்குப் பின்னால உக்காந்தீங்கன்னா அவரு நல்ல காதுல பேசலாமே.

— அங்க இருந்து கதைச்சால் அவருக்குக் கேட்டிடுமெல்லோ.

— கேக்கக் கூடாதா?

— நீங்கள் பொல்லாத பிள்ளை. மாத்திரைக்குள்ள வேற என்னவும் கலந்தனீங்களோ, நான் இப்பிடி வாயைத் திறக்கிறதுக்கு? பாருங்கோ, எனக்கு ஒரு வருத்தம் இருக்கு. காதில இல்லை. நாக்கில. ஒருத்தரின்ர முகத்தைப் பார்த்து 'என்ர பிழை' எண்டு சொல்ல வெளிக்கிட்டால் சொல்லு வராது. ஒப்பீசிலயும் அப்பிடித்தான், வீட்டிலயும் அப்பிடித்தான். கேக்காத பக்கத்தில இருந்தால் கொஞ்சம் வருது.

— சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடிச்சிட்டீங்களா?

— ஒண்டு கிடக்கு. அதை நான் சின்ன விசயம் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான். கலியாண வீடெண்டால் அங்க இழுப்பாங்கள், இங்க இழுப்பாங்கள், ஒரு நேரச் சாப்பாடு முன்னப் பின்ன ஆகும் எண்டு. போன கிழமைதான் அது எவ்வளவு பெரிசெண்டு விளங்கினது.

— போன வாரம் என்ன நடந்துச்சு, அங்கிள்?

— ஜாம். நல்ல ஜாம். வீட்டுக்குப் போய் அண்டைக்கு நான் சாப்பிடேல்லை, ஏன் எண்டு குணபூசணி கேட்டாள், சொல்லிப்போட்டன். அவள் என்னோட ரெண்டு நாள் கதைக்கேல்லை. சரி, அதை விடுங்கோ. கேக்கேல்லை எண்டு எழுதுங்கோ. ஏலுமெண்டால் இன்னும் கொஞ்ச நாள் எங்களை வரச் சொல்லுங்கோ.

— நீங்களுமா? இன்னைக்குத்தான் கடைசி, அங்கிள். இனிமே நீங்க இங்க வர வேண்டியதில்ல.

— அப்ப வேனும் இல்லை.

— காது நல்லாயிருச்சுன்னு சொன்னா அழுற மாதிரி மூஞ்சியை வச்சுக்கிறவங்களை என் படிப்புல யாரும் எனக்குச் சொல்லித் தரல.

— டாக்டரம்மா, உள்ள வரலாமா? சமான்காரன் எனக்கு முன்னாடி நிக்கிற காருக்கு எழுதிக்கிட்டு இருந்தான். அப்படியே வேனை நகர்த்தி வேற பக்கம் போட்டுட்டு வந்துட்டேன். என்னா சம்பந்தி, உங்க காது எப்படி?

— கேக்கேல்லை. உங்கட காது?

— எனக்கும் கேக்கல. மாவுதான் கொடுத்திருக்காங்க போல.

— ஓம். மாவாத்தான் இருக்கும்.

— ரெண்டு பேரும் மாவைப் பத்திப் பேசாதீங்க, மருந்தைப் பத்தியும் பேசாதீங்க. மெஷின் சொன்னதை நான் எழுதிட்டேன். வந்ததுக்கு ரொம்ப நன்றி, ரெங்கசாமி அங்கிள். உங்களுக்கும், வீரசிங்கம் அங்கிள்.

— அப்ப அடுத்த சனிக்கிழமை?

— வீட்டுல ரெஸ்ட் எடுங்க, அங்கிள்.

— ரெஸ்ட்டா. அதை வச்சு நான் என்னா செய்ய? சரி, கிளம்புவோம் சம்பந்தி. உங்களை வழக்கம் போல வாசல்ல இறக்கி விட்டுட்டு நான் அப்படியே கிள்ளானுக்குப் போறேன்.

— கொஞ்சம் நில்லுங்கோ. நான் அந்தப் பக்கம் வாறன்.

— இடது பக்கம் எதுக்கு வரீங்க? அது செவிட்டுப் பக்கம் லா. இப்படி வலது பக்கம் வந்து சொல்லுங்க.

— எனக்கு இந்தப் பக்கம்தான் கதைக்க வரும். மெதுவாத்தான் சொல்லுவன். வீட்டில குணபூசணி ரெண்டு இலை போட்டு வைச்சிருக்கிறாள், பக்கத்தில பக்கத்தில. நீங்கள் முதல்ல இலையில இருக்க வேணும், பிறகுதான் நான் இருப்பன்.

— எனக்குத்தான் வயித்துல கோளாறாச்சே, சம்பந்தி. சோறு ஒத்துக்காது.

— அங்கிள். அவரு ரொம்ப மெதுவா, உங்க இடது காதுலதான் சொன்னாரு. நீங்க பதில் சொல்லிட்டீங்க.

— ஐயோ.

— பரவாயில்லை, சம்பந்தி. மகளைக் குடுத்த அண்டு பட்டு வேட்டியோட ரோட்டோர மாமாக் சாப்பாட்டுக் கடையில நிண்டு ரொட்டி சானாய் திண்ட மனுசன் இண்டைக்கும் பசியோட கிள்ளானுக்குப் போனால், எனக்கு இந்தக் காது சுகமாகி என்ன பிரயோசனம்?